இங்கிலாந்துக் கிராமத்துப் பாதிரியாருக்கு ஏன் அவ்வளவு பெரிய வீடு?

கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன். சஃபோக் பக்கம் ஒரு கிராமத்தில் "தி ஓல்ட் விக்கரேஜ்", அதாவது பழைய பாதிரியார் வீடு, என்ற வீட்டில் விடுமுறைக்குத் தங்கியிருக்கிறீர்கள். வாசலுக்கு மேலே கல்லில் 1784 என்று வெட்டியிருக்கிறது. முன்பக்கம் செங்கல், வரிசையாக உயரமான சன்னல்கள், பெரிய கூடம். பின்பக்கம் போனால் தலை இடிக்கிற உயரத்தில் அறைகள், கோணல்மாணலான உத்தரங்கள். வீடு உண்மையில் எந்தக் காலத்தது, முந்நூறு பேர் ஊருக்கு ஊழியம் செய்தவருக்கு எதற்கு எட்டுப் படுக்கையறை, இப்போது அந்தப் பாதிரியார் எங்கே போனார் என்று மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் மூன்றும் ஒரே கேள்விதான்: அந்த வீட்டுக்கு யார் பணம் கொடுத்தார்கள்? அதற்குப் பதில் தெரிந்தால் கோணல் உத்தரத்துக்கும் காரணம் கிடைக்கும், பாதிரியார் வெளியேறியதற்கும் காரணம் கிடைக்கும்.

பழைய கட்டடங்களை ஆய்வு செய்து பழுதுபார்க்கச் சொல்கிற வேலையில் இந்த நாட்டில் பல வருடமாக இருக்கிறேன். அதில் கணிசமான பங்கு இப்படிப்பட்ட முன்னாள் விக்கரேஜ்கள். ஆனாலும் நீங்கள் போட்டிருக்கிற நாலு புகைப்படத்தை வைத்து உங்கள் வீட்டுக்கு ஆண்டு சொல்ல முடியாது. யார் சொன்னாலும் நம்பாதீர்கள். இந்த வகை வீடு எப்படி உருவாயிற்று, எதைப் பார்த்து எதை நிச்சயமாகச் சொல்லலாம், எது வெறும் ஊர்ப்பேச்சு என்பதைச் சொல்கிறேன்.

முதலில் விக்கர் என்பவர் யார் என்பது. இடைக்கால இங்கிலாந்தில் ஊர் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு, அதாவது தசமபாகம், ஊர்க் கோயிலுக்குப் போய்ச் சேர வேண்டும். அதோடு கோயிலுக்கென்று மானிய நிலமும் உண்டு. தசமபாகம் முழுவதையும் தானே வாங்குகிறவர் ரெக்டர். ஆனால் பல ஊர்களில் அந்த உரிமையை ஏதோ ஒரு மடம் எழுதி வாங்கிக்கொண்டது. தானியம், வைக்கோல் போன்ற பெரிய தசமபாகம் மடத்துக்கு. கோழி, முட்டை, ஆட்டுக்குட்டி, தோட்டக் காய்கனி போன்ற சில்லறைத் தசமபாகம் மட்டும் ஊரில் இருந்து பூசை செய்கிறவருக்கு. இந்த இரண்டாமவர்தான் விக்கர். இப்படி வைக்கிற விக்கருக்குப் பிழைக்கப் போதுமான வருமானம் ஒதுக்கியே ஆகவேண்டும் என்று 1215-இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் விதி போட்டது. விதி போட வேண்டி வந்தது என்றாலே அதுவரை எப்படி நடந்தது என்று ஊகித்துக்கொள்ளலாம். 1536-க்கும் 1540-க்கும் இடையில் எட்டாம் ஹென்றி மடங்களை எல்லாம் கலைத்தபோது அந்தப் பெரிய தசமபாகம் விக்கருக்குத் திரும்பவில்லை. நிலத்தோடு சேர்த்து அதை வாங்கிய பிரபுக்களிடமும் கல்லூரிகளிடமும் போய்ச் சேர்ந்தது. அதனால் பொதுவாக ரெக்டரின் வீடான ரெக்டரி பெரியதாகவும் விக்கரின் வீடான விக்கரேஜ் சிறியதாகவும் இருக்கும். பொதுவாகத்தான், சொந்தச் சொத்துள்ள விக்கர் ஒருவர் வந்து வீட்டை அரண்மனையாக்கிய ஊர்களும் நிறைய.

ஆரம்பகால விக்கரேஜ் எப்படி இருந்தது என்று பார்க்க ஆசையிருந்தால் இரண்டு இடங்கள் சொல்கிறேன். ஒன்று சாமர்செட்டில் மச்செல்னி. அங்கே மடத்தின் பக்கத்தில் ஊர்க் கோயில் விக்கருக்காக 1308-இல் ஏற்பட்ட வீடு இன்னும் நிற்கிறது. கல் சுவர், வைக்கோல் கூரை, நடுவில் ஒரு கூடம். இன்னொன்று கிழக்கு சசெக்ஸில் அல்ஃப்ரிஸ்டன். 14-ஆம் நூற்றாண்டு மரச்சட்ட வீடு. வரிச்சு பின்னி மண் பூசிய சுவர்கள், நடுவில் மோட்டுவளை வரை திறந்த கூடம், இரு பக்கமும் இரண்டு மாடி அறைகள். கூடத்தின் தரை சுண்ணாம்புப் பாறையைப் பொடித்து, இடித்துக் கெட்டிப்படுத்தி, புளித்த பாலை ஊற்றி மெழுகியது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அது இடிந்து விழும் நிலையில் இருந்தது. அந்த ஊர் விக்கர் அலையாய் அலைந்து, 1896-இல் பழைய கட்டடங்களையும் நிலங்களையும் காக்கிற நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு அதைப் பத்துப் பவுண்டுக்கு வாங்கியது. அந்த அமைப்பு வாங்கிய முதல் கட்டடமே அதுதான். டிரஸ்ட்டின் சின்னமான ஓக் இலை அந்தக் கூடத்து மூலையில் செதுக்கியிருக்கும் இலையைப் பார்த்து வந்தது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். அழகான கதை, ஆனால் கதையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டு வீடுகளும் கல்யாணமாகாத ஒருவருக்கும் அவருடைய வேலையாளுக்கும் போதும். அப்புறம்தான் மாற்றம் வந்தது. 1549-இல் இங்கிலாந்தில் பாதிரியார்கள் கல்யாணம் செய்துகொள்ளச் சட்டம் அனுமதித்தது. இடையில் மேரி ராணி காலத்தில் தடை, எலிசபெத் வந்ததும் மறுபடி வழக்கமாயிற்று. வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று நம்மூரில் சொல்வதை இந்த விக்கர்கள் இரண்டையும் ஒன்றாகச் செய்து பார்த்தார்கள். மனைவி, எட்டுப் பத்துப் பிள்ளைகள், வேலைக்காரர்கள் என்று ஆனதும் திறந்த கூடம் கட்டுப்படியாகவில்லை. கூடத்தின் நடுவே எரிந்த நெருப்பை எடுத்துவிட்டுச் செங்கல் புகைபோக்கி கட்டினார்கள். கூடத்துக்குக் குறுக்கே பலகைத் தளம் போட்டு மேலே அறைகள் எடுத்தார்கள். ஒரே உயரத்தை இரண்டாகப் பிரித்தால் தலை இடிக்கத்தான் செய்யும். உங்கள் வீட்டுப் பின்கட்டு அப்படி வந்ததாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

அது நிச்சயமா என்று பார்க்கப் பரணில் ஏற வேண்டும். கைமரங்கள் கறுப்பாக, தார் பூசியது போலப் புகைக்கரி ஏறியிருந்தால், ஒரு காலத்தில் கீழே நடுக்கூடத்தில் திறந்த நெருப்பு எரிந்திருக்கிறது. தெற்கு, கிழக்கு இங்கிலாந்தில் அப்படியான கூடத்தைப் பெரும்பாலும் 16-ஆம் நூற்றாண்டின் நடுவுக்கு முன் வைக்கலாம். விரலால் தேய்த்தால் கரி ஒட்டும். ஒரே ஒரு கைமரம் மட்டும் கறுப்பாக இருந்தால் அவசரப்படாதீர்கள். வேறு வீட்டை இடித்த மரத்தை எடுத்துவந்து போடுவது அந்தக் காலத்தில் சாதாரணம். கூரை முழுக்கக் கறுத்திருந்தால்தான் சாட்சி. மர வளையங்களை எண்ணி, மரம் வெட்டிய ஆண்டையே சொல்கிற சோதனையும் இருக்கிறது. ஆனால் அதற்குப் போதிய வளையமுள்ள ஓக் மரமும், விளிம்பில் பட்டைப் பக்கத்து மரம் மிச்சமிருப்பதும் வேண்டும். உரிமையாளர் பணம் செலவழிக்கத் தயாராக இருப்பதும் வேண்டும்.

1604-இல் இங்கிலாந்துத் திருச்சபை போட்ட சட்டங்களில் ஒன்று நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய கொடை. ஒவ்வொரு ஊரிலும் மானிய நிலம், வீடு, தோட்டம் எல்லாவற்றையும் பட்டியல் எழுதி பிஷப் அலுவலகத்தில் வைக்க வேண்டும் என்பது அது. அந்தப் பட்டியலுக்கு டெரியர் என்று பெயர். லிங்கன்ஷயரில் எப்வர்த் ரெக்டரிக்கு 17-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் எழுதியதைப் பாருங்கள்: ஐந்து கண (தூண் இடைவெளி) வீடு, எல்லாம் மரமும் பூச்சும், மேலே வைக்கோல்; சமையலறை, கூடம், முன்னறை, பண்ட அறை, மேலே மூன்று பெரிய அறைகள்; தனியாகக் களஞ்சியம், புறாக் கூண்டு. படிக்கும்போதே வீட்டுக்காரரின் தொழில் தெரிந்துவிடுகிறது: பாதி போதகர், பாதி விவசாயி. தசமபாகம் பணமாக வரவில்லை, கதிராகவும் ஆடாகவும் வந்தது. அதை அடுக்கி வைக்க இடம் வேண்டும், விற்கத் தெரிய வேண்டும். தன் பங்கு சரியாக வந்ததா என்று ஊராரோடு சண்டையும் போட வேண்டும்.

அந்த எப்வர்த் வீடு 1709 பிப்ரவரியில் எரிந்தது. மாடி அறையில் மாட்டிக்கொண்ட ஐந்து வயதுப் பையனை ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறிச் சன்னல் வழியாக இறக்கினார்கள். அவர்தான் பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி. அப்பா சாமுவேல் வெஸ்லி அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே கடனுக்காக லிங்கன் சிறையில் இருந்துவிட்டு வந்தவர். ஆனாலும் வீட்டைச் செங்கல்லில் திரும்பக் கட்டினார், அதற்கும் கடன்பட்டார். ஏன் அவர் கட்ட வேண்டும், திருச்சபை கட்டாதா என்று கேட்கலாம். கட்டாது. விக்கரேஜ் விஷயத்தில் புரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான இடம் இதுதான். வீடு அவர் பதவியோடு சேர்ந்தது. பதவியில் இருக்கும்வரை அவருடையது. விற்க முடியாது, பிள்ளைக்கு எழுதிவைக்க முடியாது. ஆனால் பழுதுபார்ப்பது முழுக்க அவர் பொறுப்பு. அவர் செத்தாலோ மாறினாலோ அடுத்து வருகிறவர் ஓட்டையையும் ஒடிசலையும் கணக்குப் போட்டு அவரிடமோ அவர் விதவையிடமோ பணம் கேட்கலாம், வழக்கும் போடலாம். தாலி அறுத்த கையோடு அந்த அம்மாள் வீட்டையும் காலி செய்து, கூரை ஒழுகுவதற்கும் காசு எண்ணி வைக்க வேண்டும்.

இப்படி இருந்தால் யார்தான் கட்டுவார்கள்? பலர் கட்டவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் ஒரே ஆள் இரண்டு மூன்று ஊர்ப் பதவியை வைத்துக்கொண்டு, வசதியான ஊரில் இருந்துகொண்டு, மற்ற ஊருக்குக் குறைந்த சம்பளத்துக்கு ஒரு உதவிப் பாதிரியாரை அனுப்புவது சர்வசாதாரணம். அங்கே இருக்கிற வீடு குடியிருக்க லாயக்கில்லை என்பது சௌகரியமான சாக்கு. சில சமயம் அது உண்மையும்கூட. இதை மாற்ற வந்ததுதான் தாமஸ் கில்பர்ட் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் கொண்டுவந்த 1776-ஆம் ஆண்டுச் சட்டம். பாதிரியார் தன் பதவியின் வருமானத்தை அடமானம் வைத்து, இரண்டு ஆண்டு நிகர வருமானம் அளவுக்குக் கடன் வாங்கி வீடு கட்டலாம். தவணை அவர் போன பிறகு அடுத்தவர் தலையில் தொடரும். குவீன் ஆன்ஸ் பவுண்டி என்று 1704-இல் ஏற்பட்ட நிதி அந்தக் கடனைக் கொடுத்தது. கட்டுகிறவர் மட்டும் சுமக்காமல் அனுபவிக்கிறவரும் சுமக்கிற ஏற்பாடு. அதே காலத்தில் ஊர்ப் பொது நிலங்களை வேலி போட்டுப் பிரித்தபோது, பல ஊர்களில் தசமபாகத்துக்கு ஈடாகப் பாதிரியாருக்கு நிலம் கொடுத்தார்கள். விவசாயம் நல்ல விலைக்குப் போன காலம், வருமானம் ஏறிற்று. இங்கிலாந்து முழுக்க நீங்கள் பார்க்கிற சதுரமான, செங்கல் முகப்புள்ள, அழகான பாதிரியார் வீடுகளில் பெரும்பங்கு இந்தச் சட்டத்துக்குப் பின் வந்த அறுபது எழுபது ஆண்டுகளில் எழுந்தவை.

கட்டியவர்களில் எனக்குப் பிடித்தவர் சிட்னி ஸ்மித். லண்டனில் பேச்சாலும் நகைச்சுவையாலும் பேர்போனவர். 1806-இல் யார்க்ஷயரில் ஃபாஸ்டன் என்ற ஊரின் ரெக்டர் பதவி கிடைத்தது. முதலில் அவரும் போகவில்லை. ஊரிலேயே தங்க வேண்டும் என்று சட்டமும் பேராயரும் நெருக்கியதும் போய்ப் பார்த்தால், நூற்றைம்பது ஆண்டாக அங்கே பாதிரியார் குடியிருந்ததே இல்லை. வீடு என்று இருந்தது ஒரு குடிசை. கட்டடக் கலைஞரின் வரைபடம் கட்டுப்படியாகாது என்று திருப்பி அனுப்பிவிட்டு, மனைவியோடு உட்கார்ந்து தானே வரைந்தார். செங்கல் தானே சுட்டுப் பார்த்தார். சூளை வைத்ததெல்லாம் வீணாயிற்று. பாரம் இழுக்க நாலு எருது வாங்கி டக், லக், ஹால், கிரால் என்று பெயர் வைத்தார். இழு, வலி, தவழ் என்கிற மாதிரிப் பெயர்கள். அதில் இரண்டு எருது அடிக்கடி மயங்கி விழுந்ததாக அவரே சொல்லிச் சிரிப்பாராம். 1814 மார்ச்சில் ஈரம் காயாத சுவருக்குள் குடிபோனார்கள். பார்வைக்குச் சுமார், வாழ்வதற்குச் சுகம் என்று பேர் வாங்கிய வீடு. பணம் பெரும்பாலும் கடன்தான். 1829-இல் வேறு ஊருக்கு மாறிப்போனார். பதினைந்து ஆண்டு இருந்து அனுபவித்தார். வீடு அடுத்த ரெக்டருக்கு.

இப்போது உங்கள் 1784-க்கு வருவோம். கல்லில் ஆண்டு இருந்தால் அந்த ஆண்டில் யாரோ ஏதோ செய்தார்கள் என்பது மட்டுமே உறுதி. புது வீடாக இருக்கலாம், புது முகப்பாக இருக்கலாம், வாசற்படி மாற்றியதாகவும் இருக்கலாம். சில இடங்களில் பிற்காலத்து ஆள் அழகுக்காகப் பழைய ஆண்டை வெட்டி வைத்ததும் உண்டு. ஆனால் சஃபோக்கில், கில்பர்ட் சட்டம் வந்து சில ஆண்டில், முன்னால் செங்கல், பின்னால் தாழ்வான மரச்சட்டம் என்று நீங்கள் சொல்வதைப் பார்த்தால், பழைய வீட்டை இடிக்காமல் அதன் முன்னால் புதுக் கட்டு ஒட்டிய கதையாகத் தெரிகிறது. ஊகம்தான், ஆனால் மிக வழக்கமான ஊகம். செங்கல்லுக்கு அதே 1784-இல் அரசாங்கம் வரி போட்டது. 1850 வரை நீடித்தது. காசைப் பார்த்துச் செலவழிக்கிறவர் ஊர் பார்க்கிற பக்கத்துக்கு மட்டும் செங்கல் வாங்கியதில் ஆச்சரியம் இல்லை.

இதைச் சோதிக்க முகப்பைப் பார்க்காதீர்கள், பக்கவாட்டில் போய் நில்லுங்கள். முன்கட்டுக் கூரையும் பின்கட்டுக் கூரையும் ஒரே சாய்வா? பின்னது ரொம்பச் செங்குத்தாக இருந்தால் ஒரு காலத்தில் வைக்கோல் வேய்ந்தது என்று கொள்ளலாம். வைக்கோலுக்குச் செங்குத்து வேண்டும், இல்லாவிட்டால் ஒழுகும். புகைபோக்கி வீட்டின் நடுவில் தடிமனாக ஒன்று எழுந்தால் 16, 17-ஆம் நூற்றாண்டுப் பாணி; இரண்டு கோடியிலும் சமமாக நின்றால் பிந்தியது. சன்னல் சட்டங்களுக்கு நடுவே ஓடுகிற மரக்குச்சிகள் தடிமனாக இருந்தால் 18-ஆம் நூற்றாண்டு தொடக்கம், மெலிய மெலியப் பின்னால் வரும். மேலும் கீழும் நகர்கிற சாஷ் சன்னலில், மேல் சட்டத்தின் கீழ் மூலைகளில் கொம்பு மாதிரிச் சின்ன நீட்டல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்தச் சட்டம் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கோ அதற்குப் பிந்தியோ உரியது. கண்ணாடி மீதான வரியை 1845-இல் எடுத்ததும் பெரிய, கனமான கண்ணாடி போட ஆரம்பித்தார்கள். அந்தப் பாரத்தைத் தாங்கத்தான் அந்த நீட்டல்.

எட்டுப் படுக்கையறை விஷயம். பிள்ளைகள், வேலைக்காரர்கள் போக, பல விக்கர்கள் வீட்டிலேயே பையன்களைத் தங்கவைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்துச் சம்பாதித்தார்கள். சில்லறைத் தசமபாகத்தில் காலம் தள்ள முடியாதவருக்கு அது முக்கியமான வரும்படி. தரைத்தளத்தில் வாசலை ஒட்டி ஒரு அறை இருந்ததா? பெரும்பாலும் அதுதான் ஸ்டடி, அவர் படிக்கிற அறை. கல்யாணம் பதிய, பஞ்சம் சொல்ல, சான்று வாங்க வருகிற ஊர்க்காரர்கள் வீட்டுப் பெண்கள் இருக்கிற பக்கம் போகாமல் நேராக அங்கே நுழைவார்கள். சில வீடுகளில் அதற்குத் தனிக் கதவே உண்டு. சாதாரணப் பணக்காரர் வீட்டுக்கும் பாதிரியார் வீட்டுக்கும் திட்டத்தில் உள்ள வித்தியாசம் இந்த ஒரு அறைதான் என்று சொல்லத் தோன்றுகிறது. அப்புறம் தோட்டச் சுவரில் கோயில் கல்லறைத் தோட்டத்துக்குத் திறக்கிற சின்னக் கதவு.

கல்லறை என்றதும் ஹாவர்த்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. யார்க்ஷயர் மேட்டில் 1778-79-இல் கட்டிய கல் வீடு. 1820-இல் பாட்ரிக் பிரான்டே என்ற பாதிரியார் மனைவியோடும் ஆறு குழந்தைகளோடும் அங்கே குடிவந்தார். அவர் விக்கர்கூட இல்லை. தசமபாகம் எதுவும் இல்லாத நிரந்தரக் குரு என்ற பதவி. அந்தப் பதவிக்காரர்களையும் விக்கர் என்று சட்டம் அழைக்க ஆரம்பித்தது 1868-இல்தான். உள்ளே நுழைந்தால் வலப்பக்கம் அவர் ஸ்டடி, இடப்பக்கம் சாப்பாட்டறை. அந்தச் சாப்பாட்டு மேசையில்தான் அவருடைய மூன்று பெண்கள், நாவலாசிரியைகளான சார்லட், எமிலி, ஆன், உட்கார்ந்து எழுதினார்கள். வாசலைத் தாண்டினால் கல்லறைத் தோட்டம். ஊர்ச் சுகாதாரத்தைப் பற்றி 1850-இல் பெஞ்சமின் ஹெர்ஷல் பாபேஜ் கொடுத்த அறிக்கையின்படி அங்கே இறப்பவர்களின் சராசரி வயது 26-ஐக்கூட எட்டவில்லை. பாட்ரிக் ஆறு பிள்ளைகளையும் பறிகொடுத்து, 41 ஆண்டு அந்த வீட்டில் இருந்து, 1861 ஜூனில் இறந்தார். சார்லட்டின் கணவர் ஆர்தர் பெல் நிக்கல்ஸ் அங்கேதான் உதவிக் குருவாக இருந்து மாமனாரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவர். ஆனால் பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. அக்டோபரில் வீட்டுச் சாமான்களை ஏலம் போட்டுவிட்டு அயர்லாந்துக்குப் போய்விட்டார். புதிதாக வந்த ஜான் வேட் 1870-களில் ஒரு பக்கம் பெரிய கட்டு சேர்த்தார். இன்று அருங்காட்சியகத்துக்கு முன்னால் நின்று பார்த்தால் வலப்பக்கம் முக்கோண முகப்போடு துருத்திக்கொண்டு நிற்பது அதுதான். பிரான்டே குடும்பத்துக்கு அந்தப் பகுதியே தெரியாது.

விக்டோரியா காலத்தில் பாணி மாறிற்று. பாதிரியார் வீடு கனவான் வீடு மாதிரி இருக்கக் கூடாது, கோயிலோடு பொருந்த வேண்டும் என்று ஒரு தலைமுறை நினைத்தது. கட்டடக் கலைஞர் வில்லியம் பட்டர்ஃபீல்ட் 1845 வாக்கில் பிரிஸ்டல் அருகே கோல்பிட் ஹீத்தில் கட்டிய விக்கரேஜைப் பாருங்கள்: செங்குத்தான கூரை, தடித்த புகைபோக்கி, சமச்சீர் பற்றிக் கவலைப்படாமல் உள்ளே எங்கே வெளிச்சம் வேண்டுமோ அங்கே சன்னல். ஜார்ஜ் எட்மண்ட் ஸ்ட்ரீட்டும் அதே வழியில் பல வீடுகள் கட்டினார். ஸ்ட்ரீட்டின் அலுவலகத்தில் வேலை பார்த்த பிலிப் வெப் 1859-இல் வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸுக்காகக் கட்டிய ரெட் ஹவுஸ் என்ற வீட்டை நவீன வீட்டுக்கு முன்னோடி என்று புத்தகங்கள் கொண்டாடும். அந்த வீட்டின் தாய்வீடு இந்தக் கிராமத்து விக்கரேஜ்கள்தான் என்பது என் கட்சி. இதைச் சொல்வதில் நான் தனி ஆளும் அல்ல.

பிறகு ஏன் விற்றார்கள்? பணம்தான். 1836-இல் தசமபாகத்தைத் தானிய விலையோடு கட்டிய ரொக்கமாக மாற்றினார்கள். களஞ்சியம் தேவையற்றுப் போயிற்று. விலை நன்றாக இருந்தவரை சரி. 1870-களில் அமெரிக்கக் கோதுமை வந்து விலை சரிந்ததும் பாதிரியார் வருமானமும் மானிய நிலக் குத்தகையும் கூடவே சரிந்தன. வீடு மட்டும் அதே அளவில் நின்றது. முதல் உலகப் போருக்குப் பின் வேலைக்காரர் கிடைப்பது அரிதாயிற்று. பதினைந்து அறைக்கு நிலக்கரி தூக்கி, ஓடு மாற்றி, கணப்பெல்லாம் எரித்துக் கட்டுப்படியாகாமல், விக்கர் மனைவிமார் சமையலறையில் மட்டும் குளிர்காய்ந்து வாழ்ந்தார்கள். 1938-இல் வந்த சட்டம் விற்பதைச் சுலபமாக்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பல ஊர்களைச் சேர்த்து ஒரே பாதிரியார் என்றானதும் விற்பனை வேகம் பிடித்தது. பழுதுச் செலவைத் திருமண்டலமே (ஒரு பிஷப்பின் கீழுள்ள திருச்சபைப் பகுதி) ஏற்க 1972-இல்தான் விதி வந்தது. தன் கையிலிருந்து செலவு என்றானதும் எந்த நிர்வாகமும் பெரிய பழைய வீட்டை வைத்திருக்க விரும்பாது. பழைய வீடு விற்ற பணத்தில் ஒரு பகுதியில், பக்கத்துத் தோட்டத்திலேயே நாலு படுக்கையறைப் புது வீடு. அதற்கும் ஸ்டடி வாசலை ஒட்டித்தான் இருக்கும். அந்த வழக்கம் மட்டும் விடவில்லை. உங்கள் ஊர்ப் பாதிரியார் அந்த மாதிரி வீட்டில், அநேகமாக அடுத்த ஊரில் இருப்பார்.

விற்றது சரியா? எனக்கு இரண்டு மனம். அந்த வீடுகளை அவர்களால் காப்பாற்றியிருக்க முடியாது. வாங்கிய பணக்காரர்கள் கூரையைச் சரியாகப் போட்டார்கள். ஆனால் அவசரத்தில் அடிமாட்டு விலைக்கு விற்றார்கள் என்பதும், ஊர்க்கூட்டமும் தோட்ட விருந்தும் நடந்த இடம் ஊருக்கு மூடிக்கொண்டது என்பதும் உண்மை. எல்லா ஓல்ட் விக்கரேஜும் இந்த அலையில் போனவை என்றும் நினைக்க வேண்டாம். கேம்பிரிட்ஜ் பக்கம் கிராஞ்செஸ்டரில் கவிஞர் ரூபர்ட் புரூக் முதல் உலகப் போருக்கு முன் வாடகைக்கு இருந்து, எழுதிப் புகழாக்கிய ஓல்ட் விக்கரேஜ், அவர் வரும்போதே விக்கர் வீடாக இல்லாமல் போய் நெடுங்காலம் ஆகியிருந்தது.

வீட்டுக்காரர் உங்களிடம் சுரங்கப்பாதை பற்றிச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். எல்லா விக்கரேஜிலும் கோயிலுக்குச் சுரங்கம் உண்டு என்பார்கள். காட்டச் சொன்னால் வடிகால் காட்டுவார்கள். கத்தோலிக்கக் குருமார் ஒளிந்த மறைவறை என்பதும் அப்படித்தான். புராட்டஸ்டண்ட் விக்கர் அரசாங்கத்தின் ஆள், அவர் வீட்டில் போய் அவர்கள் ஏன் ஒளிய வேண்டும்? அவை பொதுவாகப் பழைய கணப்பின் பக்கத்துக் காலியிடங்கள். அடைத்த சன்னல் எல்லாம் சன்னல் வரியால் என்பதும் பாதி உண்மை. 1696 முதல் 1851 வரை அந்த வரி இருந்தது, சிலர் அடைத்ததும் உண்டு. ஆனால் முகப்பு சமச்சீராகத் தெரிய வேண்டும் என்று கட்டும்போதே குருட்டுச் சன்னலாக வைத்தவையும் ஏராளம். உள்பக்கச் சுவரில் சன்னலுக்கான பள்ளம் இருக்கிறதா என்று பார்த்தால் ஓரளவு தெரியும்.

மேற்கொண்டு தேட விருப்பம் இருந்தால், முதலில் ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலை இணையத்தில் பாருங்கள், இலவசம். ஆனால் பழைய பதிவுகள் பல வெளியிலிருந்து மட்டும் பார்த்து எழுதியவை. அதில் "18-ஆம் நூற்றாண்டு" என்று இருந்தால் முகப்பைச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1540-லிருந்து 1835 வரை எந்த ஊரில் எந்தக் குரு என்று தேட ஆங்கிலிக்கன் குருமார் தரவுத்தளம் ஒன்று இணையத்தில் இருக்கிறது. 1784-இல் உங்கள் ஊர் விக்கர் பெயர் அதில் கிடைக்கலாம். டெரியரும் கில்பர்ட் சட்டத்து அடமானத் தாள்களும் மாவட்ட ஆவணக் காப்பகங்களில். அடமானத் தாளோடு பெரும்பாலும் வரைபடமும் தச்சர், கொத்தனார் மதிப்பீடும் இணைத்திருப்பார்கள். ஒரு எச்சரிக்கை: சஃபோக்குக்குத் தனித் திருமண்டலம் வந்தது 1914-இல்தான். 1784-இல் அது நார்விச் பிஷப்பின் கீழ். ஆகவே அடமானத் தாளை இப்ஸ்விச்சில் மட்டும் தேடிவிட்டு இல்லை என்று முடிவு செய்யாதீர்கள், நார்விச்சில் உள்ள நார்ஃபோக் காப்பகத்துக்கும் ஒரு மின்னஞ்சல் போடுங்கள். ஊர்ப் பெயரையும் ஆண்டையும் சொன்னால் இருக்கிறதா இல்லையா என்று சொல்வார்கள். மறுபடி அங்கே தங்கப் போனால் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுப் பரண் கைமரம், பக்கவாட்டுக் கூரை, பின்கட்டுச் சன்னல் ஒன்று, இந்த மூன்றையும் படம் எடுத்து இங்கே போடுங்கள். அதை வைத்து இதைவிடத் திட்டமாகப் பேசலாம்.